சரவாங்கிக்கு ஒரு பெண் வரலாறு

என் பாட்டி ஒருநாளும் ‘டென்ஷன்’ என்று சொன்னதில்லை. அவருக்கு மனசு பாரமாக இருக்கும், வயிறு எரியும், தலை கிறுகிறுக்கும், அவ்வளவுதான். அம்மா காலத்தில் அந்தச் சொல் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. என் காலத்தில் அது ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது. 2016 கடைசியில், காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காது. பிரஷ் பிடிக்க முடியாது, குக்கர் மூடியைத் திருப்ப முடியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். மருத்துவர் என் கையைத் தொடவில்லை. “கல்யாணமாகி எத்தனை வருஷம்? குழந்தை இல்லையா? அதான்மா, டென்ஷன்” என்றார். வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதித் தந்தார். அதன்பின் இன்னும் இரண்டு இடங்கள், அதே சொல். பதினான்கு மாதம் கழித்து, சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பெரியாஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் மருத்துவர் என் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, ரத்தத்தில் ஆன்டி சிசிபி பார்க்கச் சொன்னார். முடக்குவாதம். எங்கள் பாட்டிமார் சொல்லும் சரவாங்கி. என் உடலின் எதிர்ப்புச் சக்தி என் மூட்டுகளையே எதிரியாக எண்ணித் தாக்கிக்கொண்டிருந்தது. அதற்குள் வலது கையில் இரண்டு மூட்டுகள் அரித்துவிட்டிருந்தன.

அந்தப் பதினான்கு மாதக் கோபத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்: மனசுக்கும் இந்த நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இது ரத்தம், இது எலும்பு, இனி யாராவது ‘டென்ஷன்’ என்றால் ரிப்போர்ட்டை முகத்தில் எறிவேன். பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க அந்த முடிவு அத்தனை உறுதியாக நிற்கவில்லை. சம்பந்தம் இருக்கிறது. ஆனால் அந்தக் கிளினிக்காரர் நினைத்த இடத்தில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இடத்தைத் தேடிப்போன கதை.

மருத்துவ வரலாற்றில் இந்த நோய்களின் முதல் பக்கங்களைத் திறந்தால் பெண்கள்தான் படுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் பாத் நகர மருத்துவர் கேலப் பாரி எழுதி, அவர் இறந்தபின் 1825-இல் அச்சான குறிப்புகளில் ஒரு பெண் வருகிறாள். எலிசபெத் எஸ்., வயது 21. சக்கர நாற்காலியில் வேகமாக மேட்டிலிருந்து இறங்கும்போது தூக்கி எறியப்பட்டாள். அடி பெரிதாக இல்லை, பயம்தான் பெரிது. அன்றிலிருந்து நெஞ்சு படபடப்பு, கழுத்தில் வீக்கம். இன்று நாம் கிரேவ்ஸ் நோய் என்று அழைக்கும் தைராய்டு கோளாறின் மிகப் பழைய பதிவுகளில் அது ஒன்று. பயந்தாள், பின் நோயுற்றாள் என்று ஒரு மருத்துவர் எழுதிவைத்தார். 1912-இல் ஜப்பானின் ஹகாரு ஹாஷிமோட்டோ தைராய்டு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் ஆராய்ந்த நான்கு நோயாளிகளும் பெண்கள். நோய்க்கு அவர் பெயர் வந்தது. அந்த நான்கு பேருக்கும் பெயரில்லை.

சரவாங்கிக்கு வந்த முதல் பெரிய மருந்தின் கதையும் பெண்களின் உடலில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார்: மூட்டுவாதம் உள்ள பெண்கள் கர்ப்பமானால் வலி குறைகிறது, பிரசவத்துக்குப் பின் திரும்பி வருகிறது. மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கும் அப்படியே. உடலுக்குள் ஏதோ ஒரு பொருள் இந்த நெருப்பை அணைக்கிறது என்று ஊகித்தார். 1948 செப்டம்பரில், படுக்கையை விட்டு எழ முடியாத 29 வயதுப் பெண் ஒருவருக்கு, அட்ரினல் சுரப்பியிலிருந்து கண்டறியப்பட்ட ஒரு பொருளை ஊசியாகப் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் அவர் நடந்து கடைவீதிக்குப் போய்வந்தார். அந்தப் பொருள்தான் கார்டிசோன். 1950-இல் ஹென்சுக்கும் கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகியோருக்கும் நோபல் கிடைத்தது. எங்கள் ஏரியா மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமலே கொடுக்கும் ‘சின்ன வெள்ளை மாத்திரை’ அந்த வம்சத்தில் வந்ததுதான். என் பெரியத்தை அதை எட்டு வருடம் தின்றார். வலி நின்றது, முகம் நிலாவாக ஊதியது, சர்க்கரை வந்தது, வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது.

இந்தக் கார்டிசோனின் உடன்பிறப்பான கார்டிசோல்தான் நம் உடல் பயத்திலும் நெருக்கடியிலும் தானே சுரப்பது. அதாவது, மூட்டுவாதத்தை அடக்கும் மருந்தும் நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோனும் ஒரே குடும்பம். 1936-இல் மாண்ட்ரியாலில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிரிலும் காயத்திலும் வாட்டி, எந்தக் கொடுமையைச் செய்தாலும் அட்ரினல் வீங்குகிறது, எதிர்ப்புச் சக்திக்குரிய தைமஸ் சுருங்குகிறது என்று ஒரு சிறு கடிதமாக எழுதினார். நாம் இன்று ஸ்ட்ரெஸ் என்று சொல்வதன் அறிவியல் பிறப்பு அங்கேதான். இரண்டு கதைகளும் 1950 வாக்கில் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் நடுவில் ஒரு சோபா வந்து விழுந்தது.

சிகாகோவில் பிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர். ஹங்கேரியிலிருந்து வந்தவர். ஏழு நோய்களுக்கு மனம்தான் வேர் என்று சொன்னார்: ஆஸ்துமா, வயிற்றுப்புண், ரத்த அழுத்தம், பெருங்குடல் புண், தோல் அழற்சி, தைராய்டு மிகைச்சுரப்பு, முடக்குவாதம். பின்னாளில் இவற்றுக்குப் ‘புனித ஏழு’ என்று பெயர் வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு மனப்போராட்டத்தை ஒதுக்கினார். சரவாங்கிக்கு அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1947-இல் ஒதுக்கியது என்ன தெரியுமா? பெண்மையை ஏற்க மறுக்கும் முரண்டு. இந்தப் பெண்கள் சிறுவயதில் ஆண்பிள்ளை மாதிரி மரமேறித் திரிந்தவர்கள், விளையாட்டில் போட்டி போட்டவர்கள், பின்னர் வீட்டுக்காக உழைத்து உழைத்தே வீட்டை ஆளுபவர்கள். அடக்கிய கோபம் தசைகளை இறுக்கி மூட்டை முடக்குகிறது. படித்துவிட்டு நான் சிரித்தேன். பிறகு எங்கள் தெருவை நினைத்தேன். வீட்டுக்காக உழைத்து வீட்டை ஆளாத பெண் ஒருத்தியைக் காட்டச் சொல்லுங்கள். அப்படியானால் வெங்கடாபுரத்திலிருந்து கள்ளிக்குப்பம் வரை ஒருத்திக்கும் விரல் மடங்கியிருக்கக் கூடாது.

கிளினிக்காரர் அலெக்சாண்டரைப் படித்திருக்க மாட்டார். படிக்கவும் வேண்டியதில்லை. ‘குழந்தை இல்லை, அதான்’ என்பதும் ‘பெண்மையை மறுக்கிறாள்’ என்பதும் ஒன்றேதான்.

இதிலிருந்து எங்களை மீட்டது 1956. அந்த வருடம் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டெபோரா டோனியாக் என்ற பெண் மருத்துவரும் ஐவன் ராய்ட், பீட்டர் கேம்ப்பெல் என்ற இரண்டு ஆய்வாளர்களும் ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் அவர்களுடைய தைராய்டையே தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். அறுவை செய்து தைராய்டை எடுத்தபின் நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு புரதம் குறைகிறது என்று கவனித்திருந்தவர் டோனியாக்தான். அதே வருடம் அமெரிக்காவில் நோயல் ரோஸும் விடெப்ஸ்கியும் முயல்களில் அதைச் செய்து காட்டினார்கள். உடல் தன்னைத் தானே தாக்காது, தாக்க அஞ்சும் என்று 1901-இல் பால் எர்லிக் சொல்லியிருந்தார். அரை நூற்றாண்டாக அவர் பேச்சே மேலோங்கி இருந்தது. அது உடைந்தது. இனி நோய் சோபாவில் இல்லை, சோதனைக்குழாயில். பெண்ணின் குணத்தைப் பற்றிப் பேசவேண்டிய அவசியமே போய்விட்டது.

நல்லதுதான். ஆனால் அந்தக் குளியல் நீரோடு எலிசபெத் எஸ்ஸின் பயமும் வெளியே கொட்டப்பட்டது. அவளுக்கு நடந்தது என்ன என்று கேட்கும் பழக்கமே மருத்துவத்தில் நாற்பது வருடத்துக்குப் போய்விட்டது.

கேள்வி திரும்பி வந்தது ஒரு வாய்த்தவறில். 1985 வாக்கில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைக்கும் ஒரு பிரிவை நடத்திக்கொண்டிருந்தார். நன்றாக எடை குறைந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். காரணம் கண்டுபிடிக்க ஒவ்வொருவரிடமும் கேள்விப்பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். ‘முதல் உடலுறவின்போது வயது என்ன’ என்று கேட்கவேண்டியதை ‘எடை என்ன’ என்று கேட்டுவிட்டார். எதிரே இருந்த பெண் சொன்ன எடை ஒரு சின்னஞ்சிறுமியின் எடை. சொல்லிவிட்டு அழுதார், செய்தது அப்பா என்றார். அதற்குப்பின் ஃபெலிட்டி எல்லோரிடமும் கேட்டார். ராபர்ட் ஆண்டா என்ற நோய்ப்பரவலியலாளரோடு சேர்ந்து, 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டோரிடம், பதினெட்டு வயதுக்கு முன் வீட்டில் நடந்த வன்முறை, பாலியல் வன்முறை, புறக்கணிப்பு, குடி, பிரிவு இவற்றைக் கேட்டுப் பதிந்தார்கள். முதல் முடிவுகள் 1998-இல் வந்தன. இதயநோய், நுரையீரல் நோய், தற்கொலை முயற்சி எல்லாமே எண்ணிக்கை கூடக் கூட ஏறின.

நம் விஷயத்துக்கு வந்தது 2009-இல். அதே தொகுப்பிலிருந்து ஷாந்தா டியூப் என்பவரின் குழு 15,357 பேரின் மருத்துவமனைப் பதிவுகளை எடுத்து, 21 தன்னெதிர்ப்பு நோய்களைத் தேடியது. இரண்டோ அதற்கு மேலோ கசப்பான அனுபவங்கள் உள்ளவர்கள் மூட்டு சார்ந்த தன்னெதிர்ப்பு நோயால் மருத்துவமனையில் சேர்வது, எதுவுமில்லாதவர்களைவிட இரு மடங்கு. நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

சந்தேகம் வரவேண்டும், எனக்கும் வந்தது. வலியில் இருப்பவருக்குக் கெட்டது எல்லாம் நினைவுக்கு வரும், நன்றாக இருப்பவர் மறந்துவிடுவார். பிற்பாடு கேட்டு எழுதிய கணக்கை நம்பலாமா? இதற்குப் பதில் நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் இருந்தது. 1972-73-இல் அங்கே பிறந்த 1,037 குழந்தைகளை அன்றிலிருந்தே தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். குழந்தைப் பருவத்தில் வதைபட்டவர்கள் என்று அப்போதே பதியப்பட்டவர்களுக்கு 32 வயதில் ரத்தம் எடுத்தபோது, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தது. 2007-இல் வெளியானது. என் ஃபைலில் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் எழுதப்படும் அதே சி.ஆர்.பி. அமெரிக்கச் செவிலியர்களின் நீண்ட ஆய்வில் 67,516 பெண்களைப் பார்த்தார்கள். லூபஸ் வந்தது 94 பேருக்கு. சிறுவயதில் அடியும் ஏச்சும் மிக அதிகம் என்று சொன்னவர்களுக்கு அது வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு. ஸ்வீடன் தேசப் பதிவேடுகளிலிருந்து 2018-இல் வந்த ஆய்வு குழந்தைப் பருவத்தைப் பற்றியதல்ல. அதிர்ச்சி சார்ந்த மனநோய் கண்டறியப்பட்ட 1,06,464 பேரைப் பற்றியது. பின்னாளில் தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு 36 விழுக்காடு கூடுதல். அவர்களுடைய உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோதும் வித்தியாசம் மறையவில்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது? கார்டிசோல் என்பது தீயணைப்பு வண்டி மாதிரி. ஆபத்து வந்தால் வரும், அழற்சியை அணைக்கும், திரும்பிப் போகும். வளரும் வயதில் தினமும் சைரன் அடித்துக்கொண்டே இருந்தால் ஒன்று வண்டி ஓய்ந்துபோகிறது, அல்லது செல்கள் சைரனுக்குக் காது கேளாமல் பழகிவிடுகின்றன. அழற்சி அணையாமல் புகைகிறது. அதன்மேல் மரபணு, புகை, கிருமி, இன்னும் பல. பெண்களுக்கு இந்த நோய்கள் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு இரண்டாம் எக்ஸ் குரோமோசோமை அடக்கிவைக்கும் எக்ஸிஸ்ட் என்ற மூலக்கூறும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2024-இல் ஸ்டான்ஃபோர்டில் காட்டினார்கள். ஆகவே யாரும் தன் குழந்தைப் பருவத்தைக் கூட்டிப் பார்த்து ‘இதனால்தான் எனக்கு இது’ என்று தீர்ப்பெழுத முடியாது. இரு மடங்கு என்பது கூட்டத்துக்கான கணக்கு, ஆளுக்கானது அல்ல. என் தம்பி அதே வீட்டில்தான் வளர்ந்தான். அவன் சைக்கிளில் தினம் ஆவடி போய்வருகிறான்.

அந்த வீட்டைப் பற்றி இப்போது சொல்லவேண்டும்.

அம்பத்தூரின் வரலாறு எழுதுபவர்கள் ஆலைகளை எழுதுவார்கள். 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1959-இல் வந்த டன்லப், 1964-இல் உருவான தொழிற்பேட்டை. பக்கத்து ஆவடியில் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட 1955 மாநாடு, பின் டாங்கித் தொழிற்சாலை, படைவீரர்களுக்கு உடை தைக்கும் தொழிற்சாலை. இது ஆண்களின் வரலாறு. முதல் ஷிப்டு, ரெண்டாவது ஷிப்டு, நைட் ஷிப்டு. போனஸ், ஸ்டிரைக், லாக்-அவுட். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஏற்றுமதி ஆடை நிறுவனங்கள் வந்தபோதுதான் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பேட்டைக்குள் வந்தார்கள். அரக்கோணம், திருவள்ளூர் ரயிலில் வந்து பட்டரவாக்கத்தில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போகும் பெண்களை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். லாக்-அவுட்டால் வேலை இழந்த ஆணின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பது எந்தத் தொழிற்சங்க மலரிலும் வராது. அப்பாவின் கம்பெனி 1991-இல் மூடியது. எனக்கு ஒன்பது வயது. அம்மா தையல் யூனிட்டுக்குப் போக ஆரம்பித்தார். அப்பா குடிக்க ஆரம்பித்தார். அடுத்த ஆறு வருடம், கேட் தாழ்ப்பாள் தூக்கும் சத்தத்தைக் கேட்டே அன்று எப்படிப்பட்ட இரவு என்று எனக்கும் தம்பிக்கும் தெரிந்துவிடும். கட்டிலுக்கடியில் அரிசி டிரம்முக்குப் பின்னால் இடமிருந்தது. இதற்குமேல் அதை எழுதப்போவதில்லை.

தம்பிக்கு அப்போது மூன்று வயது. பகலில் அவனை யார் பார்ப்பது? இதற்கு இந்தியாவில் ஒரு சட்டம் இருந்தது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48-ஆம் பிரிவு: ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும். 1976-இல் ஐம்பது முப்பதானது. அம்மா வேலை பார்த்த இடத்தில் பெண்கள் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். காப்பகம் என்று எழுதிய ஒரு அறையும் இருந்தது. உள்ளே துணி பேல்கள். இன்ஸ்பெக்ஷன் நாளன்று பேல்களை நகர்த்தி இரண்டு தூளி கட்டுவார்களாம். ஆகவே தம்பியைப் பார்த்தது நான். ஒன்பது வயதில் பள்ளிக்கு மட்டம் போட்டுப் பார்த்தேன். பின்பு அங்கன்வாடியில் விட்டோம். அந்த அங்கன்வாடிக்கும் ஒரு வரலாறு உண்டு. பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய பிள்ளைகளைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு 1972-இல் அறிக்கை தந்தது. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1982-இல் சத்துணவு சேர்ந்தது. எங்கள் அங்கன்வாடி ஆயாம்மாவுக்குச் சம்பளம் அல்ல, ‘மதிப்பூதியம்’. தம்பி தூங்கி எழும்வரை, நேரம் முடிந்தும், அவர் உட்கார்ந்திருப்பார். அவன் இன்று ஆவடிக்கு சைக்கிள் மிதிப்பதில் அவருக்குப் பங்குண்டு என்பது என் நம்பிக்கை. எந்த ஆய்வும் இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சென்னைக் குழந்தைகளைப் பற்றி ஒரு எண்ணிக்கையாவது நம்மிடம் உண்டு. துளிர் என்ற அமைப்பு 2006-இல் வெளியிட்டது. சென்னைப் பள்ளிகளில் 2,211 பிள்ளைகளைக் கேட்டார்கள். ஏதாவது ஒருவகைப் பாலியல் வன்முறையைச் சந்தித்தோம் என்றவர்கள் 42 விழுக்காடு. ஆண்பிள்ளைகளில் 48, பெண்பிள்ளைகளில் 39. நம்மூரில் இதெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களை அந்த எண் ஒரு வாரமாவது வாயடைத்தது. பெண்பிள்ளைகள் குறைவாகச் சொன்னார்களா, குறைவாக நடந்ததா என்று நான் நெடுநேரம் யோசித்தேன். போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. நீதிமன்றத்துக்கு அது வழி திறந்தது. ஆனால் இருபது வருடம் கழித்து ஒரு பெண் விரல் மடங்காமல் புறநோயாளிப் பிரிவில் வந்து நிற்கும்போது, அவளிடம் என்ன கேட்கவேண்டும், எப்படிக் கேட்கவேண்டும், கேட்டபின் என்ன செய்யவேண்டும் என்பது இன்னும் எந்தச் சீட்டிலும் இல்லை. ‘அப்பா அம்மாவுக்கு சுகர் இருக்கா, பி.பி. இருக்கா’ என்று இருக்கிறது.

அந்த சான் டியாகோக் கேள்விகள் பிற்பாடு பத்தாகச் சுருங்கி உலகமெங்கும் போயின. ஒருநாள் இரவு அச்சடித்து எடுத்துவந்து நான் நிரப்பினேன். பத்துக்கு ஐந்து. நிரப்பும்போது இரண்டு விஷயங்கள் உறுத்தின. ஒன்று, ஆலை மூடியதா, எந்தத் தெருவில் தண்ணீர் பிடிக்க விடவில்லை என்று அதில் ஒரு கேள்வியும் இல்லை. நடந்ததெல்லாம் வீட்டுக்குள்ளேயே முளைத்தது போல இருக்கிறது. கம்பெனி கேட்டுக்கு வெளியே தொடங்கிய அடி எங்கள் கூடத்தில் வந்துதான் விழுந்தது. தாளில் கூடம் மட்டும் இருக்கிறது. இன்னொன்று, ஒரு கேள்வி: உன் அம்மாவை யாராவது அடித்தார்களா? அடித்தார்கள் என்றால் எனக்கு ஒரு எண். அடிபட்டவருக்கு எண் இல்லை. அவர் என் அனுபவத்தில் ஒரு வரி.

இந்த ஆய்வுகளைக் கொண்டாடும் கட்டுரைகளில் நான் பயந்தது இதற்குத்தான். 1940-களிலிருந்து ஆட்டிசத்துக்கு ‘உறைந்த தாய்மார்களை’ காரணம் சொல்லி ஒரு தலைமுறைப் பெண்களை அழவைத்தார்கள். அலெக்சாண்டர் நோயாளியைக் குற்றம் சொன்னார் என்றால், குழந்தைப் பருவ ஆய்வைத் தவறாக வாசிப்பவர்கள் ஒரு படி மேலே போய் நோயாளியின் தாயைக் குற்றம் சொல்லலாம். பத்து மணிநேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, அடி வாங்கி, மறுநாள் எங்களுக்குத் தலை பின்னிவிட்ட பெண்ணை. அம்மாவுக்கு 2003-இலிருந்து தைராய்டு. தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை. அதுவும் ஹாஷிமோட்டோதான் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. ஆறு வருட அடி அவருடைய கழுத்தில் என்ன செய்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும்கூட, இந்தத் தாளை நிரப்பும்வரை.

என் சிகிச்சை இப்போது எளிது. சனிக்கிழமை இரவு மெத்தோட்ரெக்சேட், மறுநாள் ஃபோலிக் ஆசிட். இந்த இரண்டு மாத்திரைகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு கதை நினைவுக்கு வரும். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பத்தில் ரத்தம் சுண்டி இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடிக் குன்னூரிலும், 1931-இல் நம் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்கள் பிழைக்கிறார்கள் என்று கண்டார். அதிலிருந்த பொருள்தான் பிற்பாடு ஃபோலிக் ஆசிட். அதைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வகக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகத சுப்பாராவ், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். ஃபோலிக் ஆசிட்டை எதிர்த்து வேலை செய்யும் பொருள்களையும் அவர் குழுவே செய்தது. புற்றுநோய்க்காக வந்த அந்த வரிசையில் ஒன்றான மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்த அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் சரவாங்கி அடங்குகிறது என்று எண்பதுகளில் நிரூபித்தார்கள். பம்பாய் ஆலைப் பெண்களின் ரத்தத்திலிருந்து வந்ததை, ஒரு தையல் யூனிட் பெண்ணின் மகள் அம்பத்தூரில் விழுங்குகிறாள்.

நிரப்பிய தாளை அம்மா பார்க்கக் கூடாதென்று ஃபைலுக்குள் வைத்திருந்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற நாளில் ஃபைலை எடுத்துக்கொடுத்தது அவர். ரயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். இங்கிலீஷ்தான், ஆனாலும் பத்து வரி, ஐந்து டிக் என்று புரிந்திருக்கிறது. பெரம்பூர் தாண்டியதும் கேட்டார்.

“இதுல என்னடி எழுதியிருக்கு? நான் உன்னை சரியா வளர்க்கலேன்னா?”

இல்லம்மா என்றேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மாவும் கேட்டுக்கொண்டு வந்தார். ஏழாவது கேள்விக்கு வந்தபோது அம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். பத்தும் முடிந்தது. பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்கு நின்றோம். எப்போதும் அங்கே நிற்கும்.

“பேனா வெச்சிருக்கியா?” என்றார் அம்மா. “பின்னாடி காலியாத்தான இருக்கு. எனக்கும் எழுது. திருநின்றவூர்ல இருந்தப்போ எனக்கு ஆறு வயசு. எங்கம்மா ரைஸ் மில்லுக்குப் போயிடும்...”

சென்ட்ரல் வரும்வரை எழுதினேன். என் கையெழுத்து இப்போதெல்லாம் கோணலாகத்தான் வருகிறது.